ஸ்லாட் கார் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டிராக்கில் வெட்டிய காடியைப் (பள்ளக் கோட்டைப்) பிடித்துக்கொண்டு, அதன் இருபுறமும் உள்ள உலோக ரெயிலிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பொம்மைக் கார்தான் ஸ்லாட் கார். அது சரியாக ஓடாவிட்டால் முதல் சந்தேகம் மோட்டார் மேல்தான் விழும். உடனே புது மோட்டார், இன்னும் பலமான காந்தம் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். நிஜத்தில் பத்தில் ஏழெட்டுக் கோளாறு காருக்கு அடியில் ரெயிலைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் இரண்டு செம்புப் பின்னலிலும் பின் டயர்களிலும்தான் இருக்கும். அதற்கு அடுத்தது டிராக் இணைப்பு. மோட்டாரின் முறை கடைசியில்தான் வரும். செலவில்லாத இடத்திலிருந்து தேட ஆரம்பித்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் முக்கியமாக 1:32 அளவு (நிஜக் காரில் 32-இல் ஒரு பங்கு), 12 முதல் 15 வோல்ட் வரை ஓடும் வீட்டு செட்டுகளுக்கு. அதைவிடச் சின்ன எச்.ஓ. அளவுக்கும், காருக்குள் சிப் வைத்து ஓட்டும் டிஜிட்டலுக்கும் மாறுகிற இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை: சின்ன பிலிப்ஸ் திருப்புளி, சாமணம், மூக்குக் குறடு, ஐசோபுரோபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, தையல் மெஷின் எண்ணெய், 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்று, சாதாரண மல்டிமீட்டர்.

முதலில்: கோளாறு காரிலா, டிராக்கிலா, கன்ட்ரோலரிலா?

இதைத் தீர்மானிக்காமல் எதையும் கழற்றாதீர்கள். காரை அடுத்த லேனில் வையுங்கள். அங்கே நன்றாக ஓடினால் கார் குற்றவாளி இல்லை. அப்புறம் இரண்டு கன்ட்ரோலர்களையும் இடம் மாற்றிச் செருகுங்கள். கோளாறு கன்ட்ரோலரோடு கூடவே நகர்ந்தால் கன்ட்ரோலர். அதே லேனிலேயே நின்றால் டிராக்.

இரண்டு லேனிலும் ஓடவில்லை என்றால் காரைத் தலைகீழாகப் பிடித்து, 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளையும் இரண்டு பின்னல்களில் வைத்துப் பாருங்கள். பின் சக்கரம் விர்ரென்று சுற்றினால் காரின் உள்ளே மின்சாரம் போகும் பாதை சரி. திருப்பிப் பிடித்தால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும், அதனால் கெடுதல் இல்லை. டிஜிட்டல் சிப் உள்ள காரில் இந்தச் சோதனை வேண்டாம்.

கார் அசையவே இல்லை

இரண்டு லேனும் செத்துக் கிடந்தால் அடாப்டரைப் பாருங்கள். பல அடாப்டர்கள் ஷார்ட் ஆனால் தாமாக நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கி, டிராக்கில் உள்ள எல்லாக் கார்களையும் எடுத்துவிட்டு, சில நிமிஷம் ஆறவிட்டு மறுபடி செருகினால் உயிர் வரும். மறுபடி நின்றால் இரண்டு ரெயிலையும் தொட்டுக்கொண்டு ஏதோ உலோகம் கிடக்கிறது: உதிர்ந்த ஸ்க்ரூ, பின்னலிலிருந்து பிரிந்த ஒற்றைக் கம்பி. காரின் அடிக்காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி ஸ்க்ரூவும் இதே வேலையைச் செய்யும். டிராக்கை மட்டும் துடைத்தவர்களுக்கு அது கண்ணில் படாது.

பேட்டரிச் சோதனையில் கார் தோற்றால் பாடியைக் கழற்றி, பேட்டரியை நேராக மோட்டாரின் இரண்டு காதுகளில் (ஒயர் சேரும் உலோக நாக்குகளில்) வையுங்கள். சுற்றினால் கோளாறு ஒயரிலோ, ஒயர் கைடுக்குள் (காரின் மூக்கடியில் காடிக்குள் இறங்கும் நாக்கு) நுழையும் குட்டி வளையத்திலோ இருக்கிறது. அந்த வளையம் நழுவி வெளியே வருவது சர்வசாதாரணம். பின்னலைச் சாமணத்தால் பிடித்துக்கொண்டு வளையத்தை அழுத்தி உள்ளே தள்ளுங்கள். தொளதொளவென்று இருந்தால் குறடால் லேசாக நசுக்கி இறுக்கலாம்.

மோட்டார் சுற்றவில்லையா? பேட்டரி தொட்டபடி இருக்கும்போதே விரலால் ஷாஃப்டை (மோட்டாரின் சுழலும் தண்டை) ஒரு சுண்டு சுண்டுங்கள். அப்போது ஓட ஆரம்பித்தால் உள்ளே பிரஷ் (மின்சாரம் கொடுக்கும் தொடுதுண்டு) தேய்ந்திருக்கிறது அல்லது அது உரசும் கம்யூட்டேட்டர் வளையத்தில் அழுக்கு. மூடிய டப்பா மோட்டாரில் இதைப் பிரித்துச் சரிசெய்ய முயல்வது வீண், மாற்றிவிடுங்கள்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, சக்கரம் மட்டும் அசையவில்லை என்றால் பினியன், அதாவது ஷாஃப்ட் முனையிலுள்ள குட்டிப் பற்சக்கரம், ஷாஃப்டில் வழுக்குகிறது. பிளாஸ்டிக் பினியனில் மயிரிழை விரிசல் இருக்கும். பசை தடவி ஒட்டுவது நிற்காது. ஷாஃப்ட் 2 மி.மீ. என்றால் அதற்கேற்ற பித்தளைப் பினியன், அதே பல் எண்ணிக்கையில் போடுங்கள்.

விட்டு விட்டு ஓடுகிறது, திக்கித் திணறுகிறது

ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரே இடத்தில் திக்குகிறதா, எங்கே பார்த்தாலும் திக்குகிறதா? ஒரே இடம் என்றால் டிராக். எல்லா இடத்திலும் என்றால் பின்னல், அதாவது பிரெய்டு.

பிரெய்டைச் சரியாக அமைப்பதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். காரைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். கைடின் இருபுறமும் தட்டையான செம்புப் பின்னல் பின்னோக்கிப் படுத்திருக்கும். கறுத்திருந்தால் ஆல்கஹால் தொட்ட துணியால், முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். எதிர்த் திசையில் தேய்த்தால் கம்பி சிலும்பும். பிறகு ஊசி முனையால் வால் பகுதியை மட்டும் 2, 3 மி.மீ. நீளத்துக்குக் கோதிவிட்டு விசிறி மாதிரி விரியுங்கள். முழு நீளத்தையும் பிரித்தால் பின்னல் சீக்கிரம் கந்தலாகிவிடும்.

அடுத்தது வளைவு. பின்னல் கைடின் அடித்தட்டை ஒட்டி வந்து, வால் மட்டும் லேசாகக் கீழே இறங்க வேண்டும். விரல் நுனியால் அமுக்கினால் எதிர்ப்பில்லாமல் படுத்து, விட்டால் எழ வேண்டும். நிறைய வளைத்தால் தொடர்பு நன்றாக இருக்கும் என்று நினைத்து கொக்கி போலக் கீழே மடக்கிவிடுகிறார்கள். அப்போது பின்னலே ஸ்பிரிங் ஆகி காரின் மூக்கைத் தூக்கும். நேர்ப்பாதையில் பிரமாதமாக ஓடும் கார் முதல் வளைவிலேயே காடியை விட்டு வெளியே வரும். தொடர்புக் கோளாறைச் சரிசெய்யப் போய் வளைவுக் கோளாறை உண்டாக்கிய கதை இது.

புதுப் பின்னல் விறைப்பாக இருந்தால் கைடில் மாட்டுவதற்கு முன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள், மிருதுவாகும். பின்னலில் எண்ணெய் வேண்டாம். ஒரு சுற்றுக்கு நன்றாக இருக்கும், பத்தாவது சுற்றில் தூசி பசையாகிவிடும்.

டிராக் பக்கம் கோளாறு என்றால், கார் நிற்கும் இடத்துக்கு அருகிலுள்ள இணைப்பை விரலால் அமுக்கியபடி ஓட்டிப் பாருங்கள். அமுக்கினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் இணைப்பு தளர்வு. துண்டுகளைப் பிரித்து, ரெயில் முனையிலுள்ள உலோக நாக்கைக் குறடால் மிக லேசாக நெருக்கி மறுபடி சேருங்கள். நகத்தால் இணைப்பின் மேல் தடவும்போது படி மாதிரித் தட்டினால் ஒரு ரெயில் உயர்ந்திருக்கிறது. மரத்துண்டு வைத்து அமுக்கி இறக்கலாம். சுத்தியலால் நேராகத் தட்டினால் பிளாஸ்டிக் உடையும்.

ரெயிலில் பழுப்பாகத் துரு இருந்தால் மை அழிக்கும் சொரசொரப்பான அழிரப்பரால் தேய்த்து, ஆல்கஹால் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் முடியுங்கள். இரும்புக் கம்பளியை மட்டும் தொடவே கூடாது. அதன் தூள் காந்தத்திலும் மோட்டாருக்குள்ளும் ஏறிக்கொண்டு வெளியே வராது. உப்புத்தாளும் வேண்டாம், ரெயிலின் மேல்பூச்சு போய், அடுத்த மழைக்காலத்தில் துரு இரட்டிப்பாக வரும்.

டிராக்கின் கோடியில் மட்டும் கார் மெதுவாகிறது

டிராக் நீளமாக நீளமாக ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் வோல்டேஜை விழுங்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து "எல்லா இடத்திலும் ஒரே வோல்டேஜ்தானே காட்டுகிறது" என்பார்கள். சுமை இல்லாமல் அளந்தால் அப்படித்தான் காட்டும். கரண்ட் ஓடாதபோது வோல்டேஜ் விழாது. 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றைக் கோடி ரெயில்களில் இணைத்து எரியவிட்டு அளவெடுங்கள். அது ஏறத்தாழ 0.4 ஆம்பியர் இழுக்கும், ஒரு காரின் சுமைக்குப் பக்கம். டெர்மினல் (டிராக்குக்குள் மின்சாரம் நுழையும் துண்டு) அருகே உள்ள அளவுக்கும் கோடியின் அளவுக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேலை இருக்கிறது.

முதலில் இணைப்புகளை மேலே சொன்னபடி இறுக்குங்கள். போதாவிட்டால், டெர்மினல் துண்டிலிருந்து கோடித் துண்டுக்கு டிராக்கின் அடியில் தனி ஒயர் இழுக்க வேண்டும்: 1 சதுர மி.மீ. அல்லது அதற்குக் கொஞ்சம் தடித்த ஒயர், ரெயிலின் அடிப்பக்க நாக்கில் சால்டர். இரண்டு லேனுக்கு நான்கு ஒயர். ஒவ்வொரு ரெயிலையும் அதே ரெயிலோடுதான் இணைக்க வேண்டும். ஒன்று மாறினாலும் ஷார்ட். அதனால் நான்கு நிறம் எடுத்துக்கொள்வது நல்லது. பல்புச் சோதனையில் எங்கே வோல்டேஜ் இறங்க ஆரம்பிக்கிறதோ அங்கே இப்படி ஒரு கிளை கொடுத்தால் போதும். பொதுவாக 5, 6 மீட்டருக்கு ஒன்று சரியாக வரும்.

வளைவில் காடியை விட்டு வெளியே வருகிறது

முதலில் எது வெளியேறுகிறது என்று மெதுவாக ஓட்டிக் கவனியுங்கள். மூக்கு முதலில் எழுகிறதா, வால் வீசி அதன் இழுப்பில் மூக்கு வருகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு.

மூக்கு எழுந்தால்: பின்னல் வளைவைச் சோதியுங்கள். அது சரியென்றால் முன் சக்கரங்கள். கைடு இறங்க ஒரு பள்ளம் வெட்டிய சமதளப் பலகையிலோ, நேர் டிராக் துண்டிலோ காரை வையுங்கள். கைடு முழுதாக உட்கார்ந்திருக்கும்போது முன் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். சக்கரம் காரைத் தாங்கினால் கைடு மேலே நிற்கிறது என்று அர்த்தம். முன் ஆக்சிலின் உயரத்தைச் சரிசெய்ய ஸ்க்ரூ உள்ள கார்களில் அரைச் சுற்று போதும். இல்லாத கார்களில் முன் டயரை மெல்லியதாக மாற்றலாம். அதற்கும் அடங்காவிட்டால் கைடுக்குச் சற்றுப் பின்னால் 2 முதல் 3 கிராம் ஈயம் ஒட்டுங்கள்.

மரப் பலகையில் காடி வெட்டிய டிராக்குக்கென்று விற்கும் ஆழமான கைடை பிளாஸ்டிக் டிராக்கில் போட்டால் அது காடியின் அடியைத் தட்டும். அதுவும் மூக்கைத் தூக்கும்.

வால் வீசினால்: டயர். பின் டயர்களை ஒட்டும் டேப்பின் பசைப்பக்கத்தில் உருட்டுங்கள். டேப்பில் வரும் கரும் தூசியைப் பார்த்தாலே காரணம் புரியும். அப்படியும் பிடிப்பு வராவிட்டால் டயர் வட்டமாக இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் ரப்பர் டயர்களின் நடுவில் அச்சுக்கோடு இருக்கும், டயர் முழு அகலத்துக்கும் தரையைத் தொடாது. இதைச் சமப்படுத்துவது காரின் நடத்தையையே மாற்றிவிடும், செலவோ ஒரு துண்டு உப்புத்தாள்.

செய்முறை இப்படி. டயரைக் கழற்றி ரிம்மைத் துடைத்து, சூப்பர் குளூவைக் குண்டூசி முனையில் தொட்டு நாலைந்து இடத்தில் வைத்து டயரை மாட்டுங்கள். காய்ந்த பிறகு, 240 நம்பர் உப்புத்தாளைச் சமதளத்தில் ஒட்டி, காரை 4 முதல் 6 வோல்ட்டில் ஓடவிட்டு, பின் சக்கரங்கள் தாளை மெல்லத் தொடும்படி பிடியுங்கள். அமுக்கக் கூடாது, அமுக்கினால் ரப்பர் சூடாகி உருளை உருளையாகக் கழன்று வரும். பத்து விநாடி தேய்த்து, பத்து விநாடி ஆறவிட்டு, டயரின் அகலம் முழுதும் ஒரே மாதிரி மங்கலாகும்வரை செய்யுங்கள். 400 நம்பர் தாளில் முடித்து, தூசியை டேப்பில் எடுங்கள். சிலிக்கான் டயரை இப்படித் தேய்க்க முடியாது. அது சுத்தமான பிளாஸ்டிக் டிராக்கில் அட்டகாசமாகப் பிடிக்கும், தூசி பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். ஒரே டிராக்கில் சில கார்களுக்கு சிலிக்கானும் சில கார்களுக்கு ரப்பரும் வேண்டாம். ஒன்று விடும் படலம் மற்றதன் பிடிப்பைக் கெடுக்கும்.

தேய்த்த பிறகு ஒரு விஷயம்: டயர் விட்டம் குறைந்தால் கார் தாழும், காந்தம் ரெயிலுக்கு நெருங்கும். கால் மி.மீ. நெருங்கினாலே இழுப்பு கணிசமாகக் கூடும். காந்தத்தின் அடியில் பளபளவென்று கீறல் தெரிந்தால் உரசுகிறது, மேலே தூக்குங்கள்.

பாடி ஸ்க்ரூவையும் பாருங்கள். முழுக்க இறுக்கி வைத்திருந்தால் அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்றுவரை தளர்த்துங்கள். பாடி தனியாக லேசாக ஆடினால்தான் சேசி (காரின் அடிச்சட்டம்) தரையோடு படிந்து ஓடும்.

இன்னும் பலமான காந்தம் போட்டால் என்ன? கார் ஒட்டிக்கொண்டு பறக்கும். ஆனால் விடும்போது முன்னறிவிப்பில்லாமல் விட்டு, சுவரில் போய் மோதும். வால் கொஞ்சம் வீசி, நீங்கள் விரலால் அடக்குவதற்கு நேரம் தருவதுதான் ஓட்டுவதன் சுவை. காந்தத்தைக் கழற்றிவிட்டு, வோல்டேஜை 9, 10-க்கு இறக்கி, சேசியின் அடித்தளத்தில் 5 முதல் 10 கிராம் ஈயம் பரப்பி ஒரு மாலை ஓட்டிப் பாருங்கள். இறக்க முடியாத அடாப்டர் என்றால், அளவு மாற்றக்கூடிய டி.சி. பவர் சப்ளைதான் இந்தப் பொழுதுபோக்கில் செய்யும் செலவுகளில் உருப்படியானது.

கடகட சத்தம், நேர்ப்பாதையில் குதிப்பு

குதித்தால் டயர் வட்டம், ரிம் கோணல், ஆக்சில் வளைவு என்ற வரிசை. ஆக்சிலைக் கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். ஆக்சிலைத் தாங்கும் புஷ் சேசியில் ஆடினாலும் குதிக்கும். புஷ்ஷின் வெளிவிளிம்பில் ஊசி முனையளவு சூப்பர் குளூ. ஆக்சிலுக்குள் வழிந்தால் எல்லாம் போச்சு, முதலில் ஆக்சிலில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

அரைக்கும் சத்தம் கியரிலிருந்து வரும். மோட்டாரைப் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தால், பற்களுக்கு நடுவே நூலிழை அசைவு உணர வேண்டும். அசைவே இல்லையென்றால் இறுக்கம், டக்டக்கென்றால் தளர்வு. இறுக்கம் அமைக்கும்போது பற்களுக்கு நடுவே மெல்லிய தாள் துண்டை ஓடவிட்டு, கியரைத் தாளோடு நெருக்கி, ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுத் தாளை உருவிவிடலாம். ஆக்சில் இடவலமாக 0.3 மி.மீ. போல அசையலாம், அதற்கு மேல் அசைந்தால் ஸ்பேசர் வாஷர்.

மோட்டார் சூடாகிறது, பொசுங்கும் வாடை

உடனே நிறுத்துங்கள். சூட்டில் மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் பலமிழந்தால் திரும்பி வராது. காரணம் பெரும்பாலும் இழுவை. ரிம்முக்கும் புஷ்ஷுக்கும் நடுவே சாமணத்தை விட்டுப் பாருங்கள். தலைமுடியும் கம்பள நூலும் இறுகச் சுற்றியிருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி உருவுங்கள். கம்பளத்தின்மேல் டிராக் போடுபவர்களுக்கு இது வாரா வாரம் உண்டு. முடியில்லை என்றால் கியர் இறுக்கம், காந்த உரசல், பாடியின் உள்பக்கம் டயரைத் தொடுவது.

எண்ணெய் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஒரு சின்னத் துளி. அதற்கு மேல் விட்டது டயருக்குத்தான் போகும்.

பின்னோக்கி ஓடுகிறது

கைடில் இரண்டு ஒயர்களையும் மாற்றிச் செருகுங்கள். அவ்வளவுதான்.

கன்ட்ரோலரைத் தொட்டாலே பாய்கிறது, அல்லது பாதி அழுத்தியும் கிளம்பவில்லை

ரெசிஸ்டர் வகைக் கன்ட்ரோலரில் ஓம் எண் (மின்தடை அளவு) மோட்டாருக்குப் பொருந்த வேண்டும். தொட்டதும் பாய்ந்தால் ஓம் குறைவு. பாதிவரை அசையாவிட்டால் ஓம் அதிகம். எச்.ஓ. கார்கள் குறைந்த கரண்ட் இழுப்பதால் 60 முதல் 90 ஓம் வரை கேட்கும். 1:32-க்கு அதைவிடக் குறைந்தது போதும். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் விட்டுப்போனால் உள்ளே நகரும் தொடுநாக்கில் கரி படிந்திருக்கிறது, ஆல்கஹாலில் துடையுங்கள்.

டிஜிட்டலில் மட்டும் வரும் தொல்லைகள்

கட்டளையும் அதே ரெயில் வழியாகத்தான் காருக்குப் போகிறது. அதனால் அனலாகில் (சிப் இல்லாத சாதாரண செட்டில்) "கொஞ்சம் திக்கும்" அளவு அழுக்கு, டிஜிட்டலில் காரைக் காது கேளாததாக்கிவிடும். லேன் மாறவில்லை, சுற்றுக் கணக்கு விழவில்லை என்றால் காரின் அடியிலுள்ள குட்டி அகச்சிவப்பு விளக்கைப் பஞ்சால் துடையுங்கள். சிலும்பிய பின்னல் கம்பி அதை மறைத்திருக்கலாம். கார் வேறொருவர் கன்ட்ரோலருக்கு ஆடினால் எண்ணை மறுபடி பதிவு செய்யுங்கள். சிப் இல்லாத காரை டிஜிட்டல் டிராக்கில் வைக்காதீர்கள்: ரெயிலில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கிறது, விரல் வைக்காமலே பாய்ந்துவிடும். ஒரு கம்பெனியின் டிஜிட்டல் சிப் இன்னொரு கம்பெனி டிராக்கின் மொழியைப் பேசாது என்பதை வாங்குவதற்கு முன்பே நினைவில் வையுங்கள்.

இரண்டு கார்கள் வளைவில் உரசிக்கொள்கின்றன

இது வாங்கும்போதே கூட வரும் கோளாறு. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கம்பெனியின் டிராக் 156 மி.மீ. அகலம், கரேரா கம்பெனியின் டிராக் 198 மி.மீ. குறுகிய டிராக்கின் உள்வளைவில் நீளமான, அகலமான இரண்டு கார்கள் வாலை வீசினால் ஒன்று மற்றதைத் தள்ளத்தான் செய்யும். இடம் குறைவென்றால் குட்டையான பழைய ரேலி கார்கள் நல்லது. 1:24 அளவுக் கார்கள், அகலமான டிராக்கும் பெரிய வளைவுகளும் இருந்தால் மட்டும். முதல் இரண்டு கார்களை ஒரே மாடலில், ஒரே மோட்டாரோடு வாங்குங்கள்; உதிரி பாகமும் ஒன்றாகிவிடும், "உன் கார் வேகம்" என்ற சண்டையும் இல்லை. பக்கக் கண்ணாடிகளும் பின் இறக்கையும் முதல் வாரமே உடையும் என்பதால் கழற்றிப் பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டு. அது ரசனையைப் பொறுத்தது.

எப்போதும் ஒரே லேன்தான் ஜெயிக்கிறது

கார்களை மாற்றியும் அப்படியே என்றால் கோளாறு வடிவமைப்பில். தன்னைத் தானே கடக்காத எந்த வளையத்திலும், எத்தனை கோணல் மாணல் போட்டாலும், வெளி லேன் உள் லேனைவிட லேன் இடைவெளியின் 6.28 மடங்கு நீளம். இடைவெளி 78 மி.மீ. என்றால் சுற்றுக்கு 49 செ.மீ. இருபது சுற்றில் கிட்டத்தட்ட 10 மீட்டர்! மேம்பாலம் வைத்து எட்டு வடிவில் போட்டால் இரண்டு லேனும் சமமாகிவிடும். இடமில்லாவிட்டால் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தி லேன் மாற்றி ஓட்டி, இரண்டு பாதியின் சுற்றுகளையும் கூட்டுங்கள்.

மாதக்கணக்கில் பெட்டியில் இருந்து எடுத்தபின் தடதடக்கிறது

ஒரே இடத்தில் எடை அழுந்தி டயர் தட்டையாகியிருக்கிறது. குறைந்த வோல்ட்டில் பத்து நிமிஷம் ஓட்டினால் லேசான தட்டை சரியாகும், மீதியை உப்புத்தாளில் எடுக்கலாம். அடுத்த தடவை காரைப் பெட்டியோடு வந்த தட்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டி, பின் டயர் எதையும் தொடாமல் தொங்கும்படி வையுங்கள். டிராக் துண்டுகளை ரெயிலோடு ரெயில் உரசாமல் அடுக்கி, மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் துரு வர நாளாகும்.